கீபோர்டில் கேட்காத நாயகி

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் வேலை பார்க்கும் நீங்கள் ஒரு மாலை சேலத்துக்கு இறங்கிவந்து கச்சேரி கேட்டிருக்கிறீர்கள். ஆலாபனை தொடங்கியதும் தர்பார் என்று மனத்தில் குறித்துக்கொண்டீர்கள். பக்கத்து நாற்காலிப் பெரியவரோ ஒரு நிமிடம் ஆவதற்குள் "நாயகி" என்று முணுமுணுத்துவிட்டார். பாட்டு வந்ததும் அவர் சொன்னதே சரி என்றாகிவிட்டது. வீட்டுக்குப் போய் இரண்டு ராகங்களின் ஆரோகண அவரோகணத்தையும் (ஏறும், இறங்கும் ஸ்வர வரிசைகளையும்) கீபோர்டில் வாசித்துப் பார்த்திருக்கிறீர்கள். விரல் போனது அதே கட்டைகளுக்குத்தான். "இந்த வித்தியாசம் உண்மையிலேயே காதில் விழக்கூடியதா, இல்லை விஷயம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்தானா? என் காதில்தான் கோளாறா?" என்று முடித்திருக்கிறீர்கள். இங்கே வந்த மற்ற பதில்கள் இரண்டு ராகங்களின் ஸ்வர வரிசையை மறுபடி எழுதிக்கொடுத்திருக்கின்றன. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்வரங்கள் ஒன்றாக இருக்கும்போது ராகம் எதனால் வேறாகிறது, அதை ஒருவர் எப்படி ஒரு நிமிடத்தில் பிடிக்கிறார் என்பதுதான் கேள்வி.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். ராகத்தை அடையாளம் காண்பது ரசிகருக்குச் சந்தோஷம், எங்களுக்கு அது பிழைப்பு. அடுத்து என்ன பாடப்போகிறார் என்று பாடகர் பல மேடைகளில் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவர் வாய் திறந்த சில நொடிகளில் நாங்கள் வில்லை வைத்தாக வேண்டும். பொருந்தாத ஒரு பிடியை, அதாவது ஸ்வரக் கோவையை, வாசித்துவிட்டால் பாடகர் திரும்பிப் பார்ப்பார்; அவர் பார்த்ததைச் சபையும் பார்க்கும். இந்த நெருக்கடியில் யாரும் ஏழு ஸ்வரங்களையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒன்றுக்கொன்று நெருங்கிய ஒவ்வொரு ராக ஜோடிக்கும் பிரியும் இடம் என்று ஒன்று உண்டு. காது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த இடத்துக்காகக் காத்திருக்கும். உங்கள் பெரியவரும் அதைத்தான் செய்திருப்பார்.

எல்லா ஜோடிகளும் ஒரே ரகம் அல்ல. ஒரு ஸ்வரம் மாறுவதாலேயே பிரிந்துவிடும் ராகங்கள் சில உண்டு. (ஸ ரி க ம ப த நி என்பவற்றின் முழுப்பெயர்கள்: ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்தியமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம்.) ஆபோகியில் நிஷாதம் கிடையாது, ஸ்ரீரஞ்சனியில் உண்டு. ஷண்முகப்பிரியாவுக்குக் கைசிகி என்ற தாழ்ந்த நிஷாதம், சிம்மேந்திரமத்தியமத்துக்குக் காகலி என்ற உயர்ந்த நிஷாதம். மற்ற ஆறும் ஒன்றே. பந்துவராளிக்குச் சுத்தம் என்ற தாழ்ந்த தைவதம், பூர்விகல்யாணிக்குச் சதுச்ருதி என்ற உயர்ந்த தைவதம். இவற்றுக்குக் கீபோர்டு தாராளமாகப் போதும். குழப்பம் வந்தால் அந்த ஒரு ஸ்வரம் வரும்வரை பொறுத்திருந்தால் சரியாகிவிடும். பூர்விகல்யாணியில் தைவதம் எந்த வகை என்று காது முடிவுசெய்வதற்கு முன்பே, "க ம த ப ஸ" என்று வளைந்து ஏறும் அந்தப் போக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்பது கூடுதல் சௌகரியம். இந்த வகையில் தடுமாறுகிறவர்களுக்குக் காது பழகவில்லை என்று சொல்லலாம். உங்கள் தடுமாற்றம் அப்படிப்பட்டதல்ல.

தர்பாரும் நாயகியும் 22ஆம் மேளத்தை, அதாவது 22ஆவது தாய் ராகத்தைச் சேர்ந்தவை. ஸ்வரத்தானங்களில் ஒரு மாற்றமும் இல்லை. தர்பார் "ஸ ரி ம ப த நி ஸ" என்று ஏறும். "ஸ நி த ப ம ரி க க ரி ஸ" என்று இறங்கும். நாயகி "ஸ ரி ம ப த நி த ப ஸ" என்று ஏறும்; "ஸ நி த ப ம ரி க ரி ஸ" என்று இறங்கும். இவ்வளவிலேயே இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. தர்பார் நிஷாதத்தைத் தொட்டு நேரே மேல்ஸ்தாயி ஷட்ஜத்துக்குப் போய்விடும். நாயகி நிஷாதம்வரை போய், தைவதம், பஞ்சமம் என்று திரும்பி இறங்கி, பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்குத் தாவும். இறங்கும்போது தர்பாரில் காந்தாரம் இரட்டித்து வரும். இதைக் கீபோர்டில் வாசித்தால் ஒரே கட்டையை இரண்டு முறை தட்டுவதாகத்தான் இருக்கும், அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நீங்கள் நினைத்ததில் தவறில்லை.

அந்தக் காந்தாரத்தை வயலினில் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். தர்பாரில் மத்தியமத்தின் சாயலோடு விரலைக் காந்தாரத்துக்கு இறக்கி, வில்லால் இரண்டு முறை அழுத்தம் கொடுப்பேன்: "கா கா ரி ஸ". இரண்டாவது காந்தாரத்துக்குத் தனி உயிர் இருக்கும். நிஷாதத்திலும் இதே கதை: "நீ நீ த ப". இந்த இரண்டு இரட்டிப்புகளும் சேர்ந்தால் தர்பாருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. நாயகியில் விரல் ரிஷபத்தில் ஊன்றி நிற்கும். அங்கிருந்து காந்தாரத்தை மெதுவாக, அகலமாக ஆட்டிவிட்டு ரிஷபத்துக்கே திரும்பிவந்து சாய்ந்துகொள்ளும்: "ரீ க ரீ ஸ". காந்தாரத்தில் அழுத்தமே விழாது. எடை முழுவதும் ரிஷபத்தில். மேலே நிஷாதமும் அப்படித்தான், தொட்டும் தொடாமலும் போய்விடும். நின்று "நான் நிஷாதம்" என்று சொல்லாது. ஆகவே இந்த ஜோடியில் காது காத்திருக்க வேண்டிய இடம், மத்தியமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும் அந்தச் சின்னத் தூரம். அங்கே காந்தாரம் தலைநிமிர்ந்தால் தர்பார். ரிஷபம் நீண்டு நின்று, காந்தாரம் அதன் நிழலில் அசைந்தால் நாயகி. அந்த இடம் தெளிவில்லாமல் போய்விட்டால் மேலே நிஷாதத்தைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே விடை வந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை.

கீபோர்டு இங்கே உங்களுக்கு உதவாததற்குக் காரணம் எளியது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒலி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வழியில்லை. நம் இசையில் பல ஸ்வரங்கள் ஒரே புள்ளியில் நிற்பவை அல்ல. தோடி ராகத்தின் காந்தாரத்தை ஒரு கட்டையில் தட்டிவிட்டுத் தோடி என்றால் தோடியே சிரிக்கும். ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கிவைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது) பேசாத இந்தக் குறையும் ஒன்று. கீபோர்டில் சுருதியை வளைக்கும் சக்கரத்தைக் கொண்டு கமகம் வாசிக்கும் கைதேர்ந்தவர்கள் இன்று இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கட்டைகளை மட்டும் தட்டி ஸ்வர வரிசையைச் சரிபார்க்கும்போது, தர்பாரும் நாயகியும் எதனால் பிரிகின்றனவோ அதை மட்டும் வடிகட்டி எடுத்துவிடுகிறார். எஞ்சியிருப்பது ஒன்றாகத்தான் தெரியும். காதில் கோளாறு இல்லை. நீங்கள் சாட்சிக்கு அழைத்த கருவி பாதி ஊமை.

ஆரபி, தேவகாந்தாரி ஜோடியை அடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன், ஏனென்றால் இங்கே கீபோர்டு முழுவதுமாகக் கைவிடுகிறது. இரண்டுக்கும் "ஸ ரி ம ப த ஸ" ஏற்றம், "ஸ நி த ப ம க ரி ஸ" இறக்கம். நாயகிக்கு இருந்த வளைவுகூட இங்கே இல்லை. ஆனால் ஆரபியைக் கேட்டவுடன் முதுகு நிமிரும். ரிஷபமும் தைவதமும் ஆட்டமில்லாமல் பளிச்சென்று நிற்கும். காந்தாரமும் நிஷாதமும் மின்னி மறையும். காந்தாரம் மத்தியமத்தோடும், நிஷாதம் மேல் ஷட்ஜத்தோடும் ஒட்டிக்கொண்டே போகும். நாட்டை, கௌளை, வராளி, ஸ்ரீ ஆகியவற்றோடு கன பஞ்சகம் என்று எண்ணப்படும் ஐந்தில் ஆரபியும் ஒன்று. தானத்துக்கு, அதாவது துடிப்போடு ராகத்தை விரிக்கும் முறைக்கு, ஏற்ற துள்ளல் அதற்கு உண்டு. தேவகாந்தாரிக்கு அவசரம் பிடிக்காது. ரிஷபம் ஆழமாக அசையும். ஆரபி ஓடிக் கடந்த காந்தாரத்தில் இது உட்கார்ந்து பேசும். தியாகராஜரின் பஞ்சரத்தினத்தில் உள்ள ஆரபியையும், அவரே தேவகாந்தாரியில் செய்த "க்ஷீரஸாகர சயன"வையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். என் மாணவர்கள் ஆரபி பாடும்போது வேகம் சற்றுத் தளர்ந்து, காந்தாரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், தேவகாந்தாரி வாசலில் வந்து நிற்கும். சில பாடாந்தரங்களில் (குருவழி வந்த பாடும் முறைகளில்) தேவகாந்தாரியில் கைசிகி நிஷாதத்தின் சாயலும் கேட்கும். கேட்டால் அது நல்ல அடையாளம். கேட்காவிட்டால் தேவகாந்தாரி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. "துரிதமாக இருந்தால் ஆரபி, சவுக்கமாக இருந்தால் தேவகாந்தாரி" என்று வாய்பாடு போல் மனனம் செய்யாதீர்கள். ஆரபியையும் நிதானமாகப் பாடலாம். அப்போதும் அதன் ரிஷபம் ஆடாது. வேகம் துணைச்சாட்சிதான்.

பொறுமையைச் சோதிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது: மத்தியமாவதி, மணிரங்கு, ஸ்ரீ. மூன்றும் "ஸ ரி ம ப நி ஸ" என்றே ஏறும். பாடகர் ஏறிக்கொண்டே இருக்கும்வரை எந்த மேதையாலும் ஸ்வர வரிசையைக் கொண்டு பிரிக்க முடியாது. பஞ்சமத்திலிருந்து இறங்கும்போது வேஷம் கலையும். மத்தியமாவதி "ப ம ரி ஸ" என்று காந்தாரமே இல்லாமல் இறங்கும். மணிரங்கு "ப ம க ரி ஸ" என்று நேராக வரும். ஸ்ரீராகம் "ப ம ரி க ரி ஸ" என்று ரிஷபத்தைத் தொட்டுவிட்டுப் பின்னால் வந்து காந்தாரத்தை எடுத்துக்கொள்ளும். இந்த மூன்று இறக்கங்களையும் வாயால் பாடிப் பழகினால் ஒரு வாரத்தில் காது பிரிக்கத் தொடங்கிவிடும், மிகையாகச் சொல்லவில்லை. மேடையில் இப்படி ஓர் ஏற்றம் கேட்டால் நான் ரிஷபத்திலோ பஞ்சமத்திலோ நீளமாக வில்லை இழுத்துக்கொண்டு காத்திருப்பேன். இரண்டும் மூன்று ராகங்களுக்கும் பொது. யாருக்கும் துரோகம் இல்லை. வயலின்காரர் ஒரே ஸ்வரத்தில் கண்ணை மூடிக்கொண்டு லயித்திருக்கிறார் என்று நீங்கள் நினைக்கும் நேரங்களில் சில, இந்த வகையைச் சேர்ந்தவை.

எந்த மேளத்தில் பிறந்த ராகம் என்று தெரிந்துகொண்டால் பிரித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கணக்குக்கு உதவும், காதுக்கு அவ்வளவாக உதவாது. பைரவியையும் முகாரியையும் பாருங்கள். இரண்டிலும் இரண்டு தைவதங்களும் வருகின்றன: ஏறும்போது சதுச்ருதி, இறங்கும்போது சுத்தம். ஆனால் இன்றைய வழக்கில் பைரவி 20ஆம் மேளத்துப் பிள்ளை, முகாரி 22ஆம் மேளத்துப் பிள்ளை. எந்தத் தைவதத்தை வீட்டுக்காரராக வைத்துக்கொள்வது, எதை விருந்தாளியாக்குவது என்று இலக்கணக்காரர்கள் எடுத்த முடிவு அது. காதுக்கு வேண்டியது வேறு: முகாரி ஏறும்போது காந்தாரத்தைத் தவிர்த்து "ஸ ரி ம ப" என்று போகும், அதன்பின் "நி த ஸ" என்று வளையும், பைரவி "ஸ க ரி க ம" என்று காந்தாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஏறும். மேளப் பெயர்களும் நிரந்தரம் அல்ல. இன்று 22ஐக் கரகரப்பிரியா என்கிறோம். முத்துசுவாமி தீட்சிதர் மரபில் அந்த மேளத்தின் தலைமை ராகம் ஸ்ரீராகம். வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் 72 மேளக் கட்டமைப்பை வகுப்பதற்கு முன்பே பைரவியும் முகாரியும் பாடப்பட்டுக்கொண்டிருந்தன. ராகம் முதலில் வந்தது, அட்டவணை பின்னால் வந்தது.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்காடு பஸ்ஸில் ஏறி இறங்கும்போதுதான் பெரும்பாலும் பதிவுகளைக் கேட்கிறேன் என்கிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எஞ்சின் முனகும் சத்தத்தில் தம்பூரா காணாமல் போய்விடும். சுருதி கேட்காவிட்டால் காது தானாகவே வேறொரு ஸ்வரத்தை ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது ராகமே மாறிவிடும். மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் கிடைப்பது மத்தியமாவதி. காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று மேடையில் வித்வான்கள் வேண்டுமென்றே செய்து கைதட்டல் வாங்குவதை, சத்தமான பஸ் தானாகவே செய்துவிடுகிறது. ராகம் பிரித்துப் பழகுவதற்குப் பயண நேரம் ஆகாது. வீட்டில், சுருதிப்பெட்டி காதில் விழும்படியாக, குறைந்த நேரமே ஆனாலும் உட்கார்ந்து கேளுங்கள். தறிச்சத்தம் ஓயாத தெருவில் வகுப்பு நடத்துகிறவன் சொல்கிறேன்: சத்தத்துக்கு நடுவில் பாடக் கற்றுவிடலாம், சத்தத்துக்கு நடுவில் சுருதியைத் தேடக் கற்பது கடினம்.

இனி, "வெறும் பெயர்தானா" என்ற கேள்விக்கு வருகிறேன். தர்பார் வேறு, நாயகி வேறு; ஆரபி வேறு, தேவகாந்தாரி வேறு. இதில் எனக்கு ஐயமே கிடையாது. தேர்ந்த பாடகர் பத்துப் பேரைப் பாடச் சொன்னாலும் நான் மேலே சொன்ன இடங்களில் அவர்கள் ஒத்துப்போவார்கள். அந்த ஒற்றுமை எழுத்தில் வருவது கடினம் என்பதும் பழைய செய்திதான். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில், ஸ்வர எழுத்துகளை மட்டும் கொடுத்தால் போதாது என்று கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் இட்டிருக்கிறார்.

உறுதி குறையும் இடங்களும் உண்டு. தர்பாரில் இரட்டிக்கும் காந்தாரத்தை ஒரு பாடாந்தரம் நன்றாக அசைக்கும், இன்னொன்று கிட்டத்தட்ட நிறுத்திப் பிடிக்கும். எது பழையது என்று வாதாடுகிறவர்களோடு நான் சேர்வதில்லை. பைரவியும் மாஞ்சியும் இன்னும் சிக்கல். மாஞ்சி பைரவியின் ஸ்வரங்களையே வைத்துக்கொண்டு, நிதானமாக, குழைவான பிடிகளில் போகும் ராகம். சியாமா சாஸ்திரியின் "ப்ரோவவம்மா"வைக் கேட்டால் மாஞ்சி என்று உடனே சொல்லிவிடுவேன், ஏனென்றால் அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் அரை நிமிடம் ஆலாபனை மட்டும் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டு "மாஞ்சியா, பைரவியா?" என்று கேட்டால், பல சமயம் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. துணிந்து சொல்கிறவர்களிலும் சிலர் பாடகரின் முகத்தையும் அவர் வழக்கமாகப் பாடும் பட்டியலையும் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

பெரியவரின் ஒரு நிமிட ரகசியமும் பாதி இப்படித் தெரிந்த பாட்டாகவே இருக்கும். நாயகி ஆலாபனையில் ஒரு பிடி வந்ததும், தீட்சிதரின் "ரங்கநாயக"த்தில் ஓர் அடி அவர் மனத்தில் ஓடியிருக்கும். அது குறுக்குவழி என்று நினைக்காதீர்கள்; நாங்கள் கற்றதும் அப்படித்தான். வர்ணமும் கிருதியும் ஒரு ராகத்தின் பிடிகளை வரிசையாக அடுக்கி, மறக்க முடியாதபடி சொல்லில் கட்டி வைத்திருக்கின்றன. ஆகவே தர்பாருக்குத் திருவொற்றியூர் தியாகய்யரின் "சலமேல" வர்ணத்தையும், நாயகிக்கு "ரங்கநாயக"த்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடத் தெரியாது என்றாலும் பரவாயில்லை, முணுமுணுக்கும் அளவுக்கு மனத்தில் ஏற வேண்டும். ஒன்றைக் கேட்டுவிட்டு உடனே மற்றதைக் கேளுங்கள். வெவ்வேறு நாட்களில் கேட்டால் ஒப்பிட முடியாது. கேட்கும்போது இறக்கத்தின் காந்தாரத்தை மட்டும் கவனியுங்கள், சாகித்தியத்தின் அழகை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கோ அழகிரிநாதர் கோயில் புறப்பாட்டுக்கோ கீழே வந்தால் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். அந்த வாத்தியத்தில் கமகம் பெரிதாக, கண்ணால் பார்ப்பதுபோல் கேட்கும். வாசிப்பவர் உதட்டிலும் விரலிலும் ஸ்வரத்தை வளைப்பது எதிரிலேயே நடக்கும். கீபோர்டை விற்றுவிட வேண்டாம், பந்துவராளி வகையறாவுக்கு அது வேண்டியிருக்கும். இரண்டு ஜோடி பிடிபட்டபின் மூன்றாவதாக மத்தியமாவதிக் கூட்டத்துக்குப் போகலாம். மாஞ்சியை இப்போதைக்குத் தொடாதீர்கள்.